மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டா உறைகள் விரிசல் விட்டது ஏன்?

மும்பை: பருவமழை தொடங்கிவிட்டால் தாராவியில் எதுவும் எளிதில் காய்வதில்லை. பழைய பொருட்கள் தரம் பிரிக்கப்படும் 13-ஆம் காம்பவுண்டு பகுதியிலும் இதே நிலைதான். ஈரம் பட்ட பித்தளையில் படியும் பச்சைக் களிம்பைத் தேய்த்து நீக்கிவிடலாம். ஆனால், பித்தளையையே பிளந்துவிடும் பாதிப்பு ஒன்றும் உண்டு. அது இந்திய மழைக்காலத்தில், துப்பாக்கித் தோட்டாக்களின் வழியாகக் கவனத்துக்கு வந்தது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், மழை ஓயும் வரை குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த சுடப்படாத தோட்டாக்களின் பித்தளை உறைகளில் விரிசல்கள் காணப்பட்டன. இதற்குப் 'பருவ விரிசல்' என்று பெயரிடப்பட்டது. 1921-ஆம் ஆண்டு மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் இதன் காரணத்தை விளக்கினர். குதிரைச் சிறுநீரிலிருந்து வெளியான அம்மோனியா, காற்றின் ஈரம், உலோகத்துக்குள் தங்கியிருந்த இறுக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்ததே காரணம்.

இந்த இறுக்கம் தயாரிப்பின்போதே உருவாகிறது. ஏறத்தாழ 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளைக் கிண்ணத்தைப் படிப்படியாக இழுத்து நீட்டியே உறை செய்யப்படுகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் உலோகம் கடினமாகிறது. அளவாகச் சூடேற்றினால் இறுக்கம் தளரும். சில ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் காணப்படும் நீலச் சாயல் இந்தச் சூட்டின் அடையாளமாகும்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்ட உறைகளை மீண்டும் பயன்படுத்தும் விளையாட்டு வீரர்களும் இந்தப் பாடத்தைப் பின்பற்றுகின்றனர். உறையைச் சுத்தம் செய்ய அம்மோனியா கலந்த திரவங்களை அவர்கள் தவிர்க்கின்றனர். கழுத்தை மட்டுமே சூடேற்றுகின்றனர். அடிப்பகுதி மென்மையானால் சுடும்போது உறை கிழிந்து, வெப்ப வாயு சுடுபவரின் முகத்தைத் தாக்கக்கூடும்.

சுடும்போது விரிந்த உறையை எஃகு அச்சில் அழுத்தியே பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மசகு இல்லையெனில் பித்தளை அச்சில் சிக்கிக்கொள்ளும். மிகுந்தாலோ, வெளியேற வழியில்லாத எண்ணெய் உறையின் தோள்பகுதியில் குழி விழச் செய்யும். எனவே, ஆட்டு ரோமக் கொழுப்பு போன்ற மசகை மெல்லிய படலமாகவே பூசுகின்றனர். பின்னர் அதை முற்றிலும் துடைப்பதும் அவசியம். எண்ணெய்ப் பசையுள்ள உறை துப்பாக்கி அறையின் சுவரைப் பற்றாது. வெடிப்பின் விசை பின்புறப் பூட்டின் மீது கூடுதலாக விழும்.

எல்லாத் தோட்டாக்களும் இதற்கு ஏற்றவை அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகாராஷ்டிர வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டியில் .22 ரகத் தோட்டாவே பயன்படுகிறது. அதன் தீமூட்டும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதாலும், சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடுவதாலும் அந்த உறை ஒருமுறைக்கு மட்டுமே உதவும்.

இந்தியாவில் இது வீட்டில் செய்து பார்க்கும் வேலையல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் 'வெடிபொருள்' என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. தயாரிப்புக்கு உரிமம் கட்டாயம்.

பழைய பித்தளைக் குவியலில் தோட்டா கிடைத்தால் அதைத் தட்டவோ, உருக்கவோ கூடாது; காவல்துறைக்குத் தகவல் அளிக்க வேண்டும். அடிப்பகுதியில் ஊசி பட்ட தடம் இருப்பதாலேயே அது வெடித்து முடிந்தது என்று கருத முடியாது. வெடிக்கத் தவறிய தோட்டாவிலும் அதே தடம் இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.