கண்மாய் தூர்ந்தால் இழப்பு யாருக்கு?

சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. வையையும் பல மாதங்கள் மணலாகவே கிடக்கிறது. ஆகவே காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் குடிநீருக்கு ஊருணி, வயலுக்குக் கண்மாய் என்னும் ஏற்பாடு நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. மேல் கண்மாய் நிறைந்தபின் கலுங்கு வழியாகக் கழியும் நீர் கீழ்க் கண்மாய்க்குச் செல்லும். தமிழகம் முழுவதிலும் இத்தகைய ஏரிகளும் கண்மாய்களும் ஏறத்தாழ 39,000 உள்ளன.

பொருளியலார் கண்மாயைப் பொதுவள வகையில் சேர்ப்பர். அதன் நீரை ஒருவர் எடுத்தால் மற்றவர்க்குக் குறையும்; ஆயினும் ஆயக்கட்டில் நிலமுள்ள எவரையும் விலக்கி வைப்பது கடினம். இத்தகைய வளம் அழிந்தே தீரும் என்று அமெரிக்க உயிரியலார் கேரட் ஹார்டின் 1968இல் வாதிட்டார். அவ்வாறன்று, பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காவல் செய்து நூற்றாண்டுகளாகக் காத்த பொதுவளங்கள் பல உண்டு என்று 1990இல் எலினோர் ஆஸ்ட்ரம் தம் நூலில் காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற் பெண்மணி அவரே.

நம் பகுதிக்கு இதனினும் நெருங்கிய ஆராய்ச்சிகள் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கு. பழனிசாமியும் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஈஸ்டரும் 1980களில் தென்னிந்தியக் கண்மாய்ப் பாசனத்தின் வரவு செலவை ஆராய்ந்தனர். சிவகங்கை அப்பொழுதுதான், 1985இல், ராமநாதபுரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. பின்னர் கெய் கஜிசா, தகேஷி சகுராய் என்னும் ஜப்பானிய அறிஞர் இருவருடன் பழனிசாமி 2007இல் வெளியிட்ட ஆய்வு, குருமார் கருத்தூன்றிப் படிக்கத் தக்கது. கிணறுகள் பெருகிய ஊர்களில் கண்மாயைக் கூடிப் பேணும் வழக்கம் தளர்கிறது. அதனால் விளைச்சலும் வருமானமும் இழப்போர் கிணறு வெட்ட வசதியற்றோரே என்பது அதன் முடிவு.

இது நிகழும் விதத்தைச் சற்று விரித்துரைப்போம். வசதியுள்ள ஓர் உழவர் கிணறு வெட்டி மின்மோட்டார் வைக்கிறார். பாசன மின்சாரத்துக்குத் தமிழகத்தில் கட்டணம் இல்லையாதலின், ஒருமுறை முதலிட்டபின் நீர் இறைக்க அவருக்குச் செலவு சிறிதே. அப்பால் வரத்துக்கால் தூர்வாரவோ, கரையை அடைக்கவோ அவர் ஆள் அனுப்ப வேண்டிய அவசியம் குறைகிறது. ஊர்க்கூட்டத்தில் செல்வாக்கு மிக்கவரும் பெரும்பாலும் அவரே. அவர் விலகினால் பிறரைக் கட்டாயப்படுத்துவார் யார்? மடை பழுதடைகிறது, வண்டல் மேடிடுகிறது. எஞ்சியோர் அவர் கிணற்று நீரை விலைக்கு வாங்குகின்றனர், அல்லது நிலத்தைத் தரிசாக விடுகின்றனர். ஆயக்கட்டிலுள்ள அக்கிணற்றின் ஊற்றும் கண்மாய் நீரால் ஊறுவதே என்பதுதான் இதில் விந்தை. கண்மாய் வற்றினால் ஒருநாள் அவர் கிணறும் வற்றும்; ஆனால் அவருக்கு மேலும் ஆழப்படுத்தப் பணம் உண்டு.

இதனால் பண்டைய ஊர்க் கட்டுப்பாட்டைப் பொற்காலம் எனப் போற்றுவாரும் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. லண்டன் பல்கலைக்கழகத்து மானிடவியலார் டேவிட் மாஸ், ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை ஆராய்ந்து 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். (இப்பகுதியில் கிறிஸ்தவமும் சாதியும் பிணைந்த வரலாற்றை ஆராயும் நூலொன்றும் 2012இல் அவரால் எழுதப்பட்டது, இறையியல் மாணவர் அறிய வேண்டியது.) கண்மாய் நீரும் கோயில் மரியாதையும் சாதி வரிசையும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன என்பது அவர் காட்டும் உண்மை. மடை திறந்து வயலுக்கு நீர் விட்ட நீர்ப்பாய்ச்சி பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினராக இருந்தார். அந்நீரால் விளைந்த நிலம் பெரும்பாலும் பிறருடையது. கிணறு வெட்ட வசதியற்றோர் எவ்வகுப்பினர் என்பதையும், அவர்களுள் நம் கிராமச் சபையார் எத்தனை பேர் என்பதையும் போதகர்கள் அறிவர்.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தபின் கண்மாய்கள் அரசின் வசமாயின. 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடையவை பொதுப்பணித்துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றன. 2017இல் அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரால் தூர்வாரும் திட்டம் தொடங்கியது. வண்டலை இயந்திரம் அள்ளிவிடும். ஆண்டுதோறும் வரத்துக்காலைப் பேண எவருக்கு அக்கறை என்ற கேள்வியை அது தீர்ப்பதில்லை.

கண்மாயின் மதிப்பை நெல் மூட்டைகளால் மட்டும் அளப்பதும் பிழையே. இந்தியாவின் வறண்ட பகுதிகளில் ஏழு மாநிலங்களின் எண்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை ஆராய்ந்த என். எஸ். ஜோதா, பொதுநிலங்களாலும் பொதுநீராலும் பெரிதும் பயனடைவோர் ஏழைகளே என 1986இல் எடுத்துக்காட்டினார். உள்வாயில் மேயும் ஆடு, பிடிக்கும் மீன், வெட்டும் விறகு இவை எக்கணக்கிலும் ஏறுவதில்லை. இன்று உள்வாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலை வேரோடு அகற்ற வேண்டும் என்பாரோடு நமக்கு உடன்பாடே. ஆனால் அதனை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் உண்டு. அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்பதற்கும் அத்திட்டத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரி இருத்தல் வேண்டும்.