உங்களுக்குத் தெரியுமா? கையைக் காக்கும் தோல்மடல்

கொட்டாஞ்சேனைப் பட்டறையில் மெஷினில் விரல் அகப்பட்டாலும், வெள்ளவத்தையில் தீபாவளி வெடி கையிலேயே வெடித்தாலும், காலம் தாழ்த்தாமல் போகவேண்டிய இடம் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு. சதை பிய்ந்து எலும்பு தெரிந்தாலும் மனம் தளர்ந்துவிடாதீர்கள். அந்தக் கையை மூட உங்கள் உடம்பிலேயே தோல் இருக்கிறது.

● தொடையிலிருந்து சீவி ஒட்டும் மெல்லிய தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. அதனால் வெறும் எலும்பின்மேல் அது பிடிக்காது. தோல்மடல் என்பது கொழுப்போடும் இரத்தக்குழாயோடும் சேர்த்தே கொண்டுவரும் தோல். அதனால் அங்கும் உயிர்பிடிக்கும்.

● தோல்மடல் வைக்கும் வழி பழையது. மூக்கறுந்தவருக்குக் கன்னத்துத் தோலால் மூக்கு அமைப்பதைச் சுஸ்ருத சங்கிதை சொல்கிறது. நெற்றித் தோலால் மூக்கு அமைத்த இந்திய முறையை 1794இல் லண்டன் சஞ்சிகையொன்று வெளியிட்டது. அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ 1814இல் இங்கிலாந்தில் சத்திரசிகிச்சை செய்தார்.

● காயம் பெரிதென்றால் அடிவயிற்றோரம், தொடை இடுக்கருகே எழுப்பிய தோல்மடலோடு கையைத் தைத்துவிடுவார்கள். ஏறத்தாழ மூன்று வாரத்தில் கையிலிருந்து புதிய இரத்தக்குழாய்கள் மடலுக்குள் வளர்ந்துவிடும். பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். மக்கிரெகர், ஜாக்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர்கள் இருவரும் 1972இல் விவரித்த இந்த முறைக்கு நுணுக்குக்காட்டி தேவையில்லை. தோல் எடுத்த தழும்பும் உடுப்புக்குள் மறைந்துவிடும்.

● விரல்நுனி சாய்வாக வெட்டுப்பட்டால், அதே விரலின் பக்கத்திலிருந்து முக்கோண மடலை நரம்போடும் இரத்தக்குழாயோடும் முன்னே நகர்த்தித் தைக்கலாம். தொடுவுணர்வு அழியாது. 1980இல் இதை உலகுக்கு எழுதியவர்கள் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் ஆர். வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும்.

● முற்றாகத் துண்டான பெருவிரலை நுணுக்குக்காட்டியின் உதவியோடு முதன்முதலில் பொருத்தியவர்கள் ஜப்பானின் கொமட்சு, தமாய். ஆண்டு 1965. கையின் வேலையில் ஏறத்தாழ 40 வீதம் பெருவிரலுடையது என்பதால், அதை இழந்தவருக்குக் கால் பெருவிரலை எடுத்துக் கையில் வைப்பதும் உண்டு.

● துண்டான விரலை ஐஸில் நேரடியாகப் போடாதீர்கள். சதை உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ்தண்ணீரில் வையுங்கள்.

● காயத்தில் மஞ்சள், கோப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

● மடல் வைத்தபின் சிகரெட் கூடவே கூடாது. நிக்கோட்டின் இரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். இரத்தம் போகாத மடல் கறுத்து அழுகும்.

● வெட்டுண்டு தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர்தான் வளரும். ஆகவே உணர்வு திரும்ப மாதங்கள் எடுக்கும். வைத்தியர் சொல்லும் விரற்பயிற்சியை அதுவரை விடாமல் செய்தால்தான் மூட்டுகள் இறுகாமல் கை மீண்டும் வேலைக்கு உதவும்.

● 2016இல் தொடங்கிய ‘சுவசெரிய’ அம்பியூலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. இலக்கம் 1990. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பட்டறையில் வேலை செய்வோருக்கும் இன்றே சொல்லிவையுங்கள்.