ஓலைக்கட்டும் பல்கலைக்கழகமும்

பல்கலைக்கழகம் என்றதும் வகுப்பறையும் பட்டமளிப்பு விழாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது நூல்களைப் பதிப்பிப்பது எதன் பொருட்டு? கரமனையில் வாழும் நமக்கு இதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

ஆற்றங்கரை அக்கிரகாரத்துக்கு அருகே செல்லும் நாகர்கோவில் சாலை தக்கலையை அடைகிறது. அங்கிருந்து சற்றே விலகினால் பத்மநாபபுரம். அதற்கு அணித்தே மணலிக்கரை. 1909ஆம் ஆண்டில் மணலிக்கரை மடத்தில் ஓர் ஓலைக்கட்டு கிடைத்தது. அதில் மலையாள எழுத்தில் வடமொழி நாடகங்கள் இருந்தன. கண்டறிந்தவர் திருநெல்வேலிச் சீமையிலுள்ள தருவையில் பிறந்த மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரியார். அவரும் நம்மைப் போலத் தாயகம் விட்டு இங்கு வந்தவரே.

1905இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில், 1912 முதல் அந்நாடகங்களை அவர் அச்சேற்றினார். காளிதாசன் பெயர் சொல்லிப் போற்றிய பாசனே அவற்றின் ஆசிரியன் என்பது அவர் துணிபு. ஏடுகளிலோ ஆசிரியர் பெயர் இல்லை. ஆகவே மறுப்பு எழுந்தது. கேரளத்துச் சாக்கியார்கள் மேடைக்கெனத் திருத்தி அமைத்த நாடகங்களே இவை என்றனர் சிலர். வழக்கு இன்னும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. அதனால் பதிப்புக்கு இழுக்கு உண்டா? இல்லை என்பதே நம் கருத்து. மடத்துப் பெட்டியில் கிடந்த ஏட்டை எவர் மறுத்திருக்கக்கூடும்? அச்சில் வந்தபின்னரே அயல்நாட்டு அறிஞரும் அதைச் சோதிக்க முடிந்தது.

நல்ல பதிப்பாசிரியர் கிடைக்கும் படிகளையெல்லாம் ஒப்பிடுகிறார். தாம் தள்ளிய பாடத்தையும் அடிக்குறிப்பில் காட்டுகிறார். சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே விடுகிறார். ஒற்றைப் படியை நம்பி மொழிபெயர்த்துவிட்டுப் பின்னர் விழித்த அனுபவம் நமக்கும் உண்டு. ஆதலால் அடிக்குறிப்பைக் கண்டால் நமக்குத் தனி மரியாதை.

1937இல் திருவாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 1957இல் கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிற்று. அரசின் சுவடிப் பணியும் காலப்போக்கில் அதனுடன் இணைந்தது. இன்று காரியவட்ட வளாகத்தில் பல்லாயிரம் சுவடிகள் பேணப்படுகின்றன. அவற்றுள் தமிழ்ச் சுவடிகளும் உள.

தமிழுக்கு அப்பல்கலைக்கழகம் செய்த தொண்டுகளுள் ஒன்று வ.அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு. 1962இல் வெளிவந்தது. கதைபோல் படிக்கத்தக்க நூலன்று அது. ஆயினும் ஒரு சொல் புறநானூற்றில் எங்கெங்கே, என்ன உருவில் பயில்கிறது என்று அறிய விரும்புவோர் நானூறு பாட்டையும் புரட்ட வேண்டாம்; அச்சொல்லுக்குரிய பக்கத்தைத் திறந்தால் போதும்.