திருக்கார்த்திகைக்கு முதல் நாள்

2024 டிசம்பர் 12, வியாழக்கிழமை. சென்னையில் மழை. மறுநாள் திருக்கார்த்திகை. அகல்களைத் துடைக்க வேண்டும். பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்ச வேண்டும். ஆனால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் எத்தனையோ பெண்மணிகளுக்குக் கை ஓரிடம், கண் ஓரிடம்! மத்தியானம் இரண்டரை மணிக்குச் சிங்கப்பூரில் நம் ஊர்க் குகேஷும் சீனத்து டிங் லிரெனும் உலகச் சதுரங்கப் பட்டத்தின் 14-வது, கடைசி ஆட்டத்துக்கு உட்கார்ந்துவிட்டார்களே!

அந்த வாரம் பட்ட பாடு கொஞ்சமா? ஞாயிறன்று குகேஷ் ஜெயித்து 6-5 என்று முந்தினார். 'பாயசம் வைக்கலாமா?' என்று யோசிப்பதற்குள் திங்களன்று டிங் ஜெயித்துச் சமன் செய்துவிட்டார். புதனன்று டிரா.

இதுவும் டிராதான் என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். குகேஷுக்கு ஒரே ஒரு சிப்பாய்தான் அதிகம். டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டங்கள். அதில் டிங் பலே கெட்டிக்காரர். 'குழந்தை ஏதாவது சாப்பிட்டானோ, இல்லையோ!' என்பது சில பாட்டிமார்களின் கவலை.

விளக்கேற்றும் வேளை. 55-வது நகர்த்தலில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களுமே. அந்த ஒரு சிப்பாய் போதாதா? குகேஷின் முகம் மாறிற்று, தண்ணீர் குடித்தார். 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வயது 18! காஸ்பரோவ் 1985-ல் பட்டம் வென்றபோது 22. 2013-ல் தேனாம்பேட்டை ஓட்டலில் ஆனந்த் கார்ல்ஸனிடம் பட்டத்தை இழந்தபோது, வேடிக்கை பார்த்தவர்களில் ஏழு வயதுக் குகேஷும் ஒருவர்.

சிங்கப்பூரில் அழுது தீர்த்த கையோடு, அவர் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் அதனதன் இடத்தில் அடுக்கினார். "பார்த்தாயா, விளையாடினால் எடுத்து வைக்க வேண்டும்!" என்று தம் பிள்ளைகளுக்குக் காட்டிய தாய்மார்கள் எத்தனை பேரோ!