மூன்று கைகளில் ஒரு கதை

நுழையும்முன்

நூலில் படித்த கதையைத் திரையில் கண்டவுடன், 'நூலில் இப்படி இல்லையே!' என்று நாம் கூறுவதுண்டு. எழுத்து காட்சியாக மாறும்போது எதனை இழக்கிறது? எதனைப் பெறுகிறது? நூறாண்டு கடந்த ஒரு சிறுவர் கதையின் வழியாக இவ்வினாவுக்கு விடை காண்போம்.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகள் கூடுகின்றன. கூடியபின் எது எந்த ஆற்றின் நீர் என்று பிரித்தறிய இயலாது. எழுத்து, ஓவியம், இசை ஆகிய மூன்றும் அவ்வாறு கலக்கும் இடமே அசைவூட்டத் திரைப்படம். அத்தகைய படங்களுள் ஒன்று, வங்கத்துச் சிறுவர் கதையிலிருந்து பிறந்த 'கூபி கவையா பாகா பஜையா'.

கதை பிறந்த இதழ்

உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி (1863-1915) எழுத்தாளர்; ஓவியர்; இசை வல்லுநர்; அச்சுக்கலையில் புதுமை கண்டவர். கிழக்கு வங்கப் பெண்கள் குழந்தைகளுக்குச் சொல்லிவந்த கதைகளைத் திரட்டி 1910இல் நூலாக்கினார். 1913இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். வங்கமொழியில் அச்சொல் செய்தியையும் குறிக்கும்; இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும். அறிவும் சுவையும் ஒருங்கே தரவேண்டிய இதழுக்குப் பொருத்தமான பெயர்! கூபி, பாகா இருவரின் கதை அவ்விதழில் 1915இல் வெளிவந்தது.

கூபிக்குப் பாடுவதில் பேரார்வம். பாகாவுக்கு முழவு கொட்டுவதில் பெருவிருப்பம். இருவருக்கும் கலை கைகூடவில்லை. பொறுமையிழந்த ஊரார் விரட்டிவிட, இருவரும் காட்டில் சந்திக்கின்றனர். மனிதர் வெறுத்த அவ்விசையைப் பேய்கள் விரும்பிக் கேட்டு வரங்களை வழங்குகின்றன. அதன்பின் அவர்களது இசையைக் கேட்போர் அசையாது நின்றுவிடுகின்றனர். எள்ளி நகையாடப்பட்டவர் கையில் ஆற்றல் வந்தால் அதனை அவர் எவ்வாறு பயன்படுத்துவார் என்பதே கதையின் உயிர்.

பேரன் எடுத்த படம்

உபேந்திரகிஷோரின் பேரன், திரை இயக்குநர் சத்யஜித் ராய். அவர் இக்கதையை நடிகர்களைக் கொண்டு திரைப்படமாக்கி 1969இல் வெளியிட்டார். அதில் இடம்பெறும் பேய்களின் நடனத்திற்காக அரசர், உழவர், ஆங்கிலேயர், பருத்த உடலினர் என நான்கு வகைப் பேய்களை அமைத்தார். அரசருக்கு மிருதங்கம், உழவருக்குக் கஞ்சிரா, ஆங்கிலேயருக்குக் கடம், பருத்தவர்க்கு மோர்சிங் என ஒவ்வொரு வகைக்கும் ஓர் இசைக்கருவியை ஒதுக்கினார். நான்கும் நம் கருநாடக இசை மேடையில் ஒலிப்பவை. வங்கத்துப் பேய்கள் நம் தாளத்திற்கு ஆடின!

போருக்குப் படை திரண்டு நிற்கும் காட்சியும் அப்படத்தில் உண்டு. அப்போது வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. பசியால் வாடிய வீரர்கள் போரை மறந்து அவற்றை நோக்கி ஓடுகின்றனர். சிரிக்கும் குழந்தைக்குப் பின்னால், போரில் பசித்திருப்பவர் யார் என்று சிந்திக்கும் பெரியவருக்கும் அக்காட்சி இடம் தருகிறது.

கோட்டில் எழுந்த உலகம்

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்புப் பேராசிரியர் ஷில்பா ரானடே, இக்கதையை இந்தி மொழியில் அசைவூட்டப் படமாக்கினார். இந்தியச் சிறார் திரைப்படக் கழகம் அதனைத் தயாரித்தது. ஒளிப்படக் கருவிக்கு முன் நடிகர் நின்றால் அவரது நிழல் தானே விழும். அசைவூட்டத்திலோ அந்நிழலையும் ஒருவர் வரைந்தாக வேண்டும். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் என்னும் கணக்கில், 80 நிமிடப் படத்திற்கு 1,15,200 சட்டகங்கள் தேவை. ரானடேயின் உருவங்கள் நம் தோற்பாவைக் கூத்தின் பாவைகளை நினைவூட்டுகின்றன. பழைய கதைக்கு நம் மண்ணின் கோடுகளே உடலாயின.

இழப்பும் பேறும்

'பேய்' என்று எழுத்தில் படிக்கும்போது படிப்போர் எத்தனை பேரோ அத்தனை பேய்கள் தோன்றும். திரையில் ஒருவர் வரைந்த பேயையே அனைவரும் காண்போம். இஃது இழப்பு. கூபியின் குரல் கொடுமையானது என்று எழுத்தால் சொல்லத்தான் முடியும். திரையோ அதனைக் கேட்கச் செய்கிறது. எழுத்தறியாக் குழந்தையும் கதைக்குள் நுழைகிறது. இது பேறு. ஆகவே, நூலில் உள்ளவாறே படம் இருக்கிறதா என்பதைவிட, கதையின் உயிரைப் படம் காத்ததா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

ஆயினும், படம் உருவானால் மட்டும் போதாது. அது பார்வையாளரைச் சென்றடையவும் வேண்டும். இப்படம் 2013இல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இந்தியத் திரையரங்குகளுக்கு 2019இல்தான் வந்தது. விழாவில் திரையிடப்பட்டபோது பத்து வயதாயிருந்த சிறார், திரையரங்கிற்கு வந்தபோது உங்கள் வயதினராகியிருப்பர். குழந்தைப் பருவம் எந்தப் படத்திற்காகவும் காத்திருப்பதில்லை.

பாட்டன் எழுதிவைத்தமையால் பேரன் படமாக்கினார்; அடுத்த தலைமுறை ஓவியர் அதற்குப் புதிய உருவம் தந்தார். உங்கள் பாட்டி சொன்ன கதைகளை யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? இன்றே ஒன்றையேனும் கேட்டு எழுதுங்கள். அதற்கு உருவம் வரையும் கை உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும்.