அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, டீக்கடையில ஒரு டீ குடிங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏசி வேன், மதியம் பிரியாணி. நடுவுல அரைமணி நேரம் மனையைப் பார்க்கலாம். 'சார், இந்த ரேட்டு அடுத்த வாரம் இருக்காது' என்று பக்கத்திலேயே ஒருவர் சொல்லிக்கொண்டே வருவார். செங்கல்பட்டு பக்கம் மனை பார்க்க என் மாமா இப்படித்தான் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு லட்சம் ரூபாய்க்கு அட்வான்ஸ் ரசீது!

பத்திரம் சரி, வில்லங்கமும் இல்லை. 'அப்ரூவல் வந்துடும்' என்றார்கள். அடுத்த வாரம் மாமா தனியாகப் போய், எதிரே இருந்த கடையில் டீ குடித்திருக்கிறார். "மழை வந்தா இந்த வழியாத்தான் தம்பி தண்ணி ஓடும்" என்று கடைக்கார அம்மா காட்டியது, மனைக்குப் போகும் பாதையை! எஃப்.எம்.பி எனும் புலப்படத்தை எடுத்துப் பார்த்தால், அது ஓடை. எட்டு மாதம் அலைந்து பாதிப் பணத்தைத்தான் மீட்க முடிந்தது.

அதனால் வேன் இல்லாமல், வாரநாளில் ஒருமுறை நீங்களே போங்க. முடிந்தால் மழைக்காலத்தில் போங்க.

வீட்டில் உட்கார்ந்தே பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 'அ' பதிவேட்டில் அது புறம்போக்கா என்பதும் தெரியும். பதிவுத்துறை தளத்தில் குறைந்தது 30 வருடத்துக்கு ஈ.சி போட்டுப் பாருங்க. ஆனால், ஈ.சி சுத்தமாக இருந்தாலே போதும் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. பதிவான விஷயம் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயிலோ, பங்கு கேட்கப்போகும் வாரிசோ அதில் தெரியாது. பவர் வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கட்டாயம் விசாரிங்க. மூலப்பத்திரத்தின் ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காமல் நகராதீங்க. வக்கீல் ஃபீஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

'வந்துடும்' என்கிற அப்ரூவலை நம்பாதீங்க. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், ரெரா பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் அவர்கள் அட்வான்ஸ் வாங்கவும் கூடாது. பட்ஜெட் போடும்போது முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என இதையும் சேர்த்துக்கோங்க.

வாங்கியாச்சா? பத்திரத்தை பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடாதீங்க. பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி, நாலு பக்கமும் கல் ஊன்றி வேலி போடுங்க. காலிமனை வரி கேட்டால் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்க. உங்கள் இடத்தை இன்னொருவர் வெளிப்படையாக, தனக்கே உரியது என்று 12 வருடம் தொடர்ந்து அனுபவித்தால், அவர் அதற்கு உரிமை கோர சட்டத்தில் வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மாமா இப்போது வேறொரு மனை வாங்கிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய், எல்லைக்கல்லோடு செல்ஃபி எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுகிறார். 'கல்லு கூட என்ன செல்ஃபி' என்று கிண்டலடித்த அத்தையும் போன தடவை கூடவே நின்று போஸ் கொடுத்திருக்கிறார்.