எல்விங்டன் ஊரின் ஹலிபக்ஸ் விமானம்

இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க் நகரத்துக்குத் தென்கிழக்கே எல்விங்டன் என்னும் சிற்றூர் அமைந்துளது. பழைய போர் விமானங்களைக் காண விழைவோர் பெரும்பாலும் இலண்டன் மாநகரின் ஹென்டன் நூதனசாலையையே நாடிச் செல்வர். எல்விங்டனை நினைப்போர் சிலரே. ஆயினும், இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்ட தளம் ஒன்று இவ்வூரில் இருந்தது. 1944 ஆம் ஆண்டு முதலாகப் பிரெஞ்சு வீரர்களைக் கொண்ட இரு படைப்பிரிவுகள் இத்தளத்திலிருந்தே பறந்தன. போரின்பின் பாழடைந்து கிடந்த கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் குடில்களையும் தன்னார்வலர் சிலர் செப்பனிட்டு நூதனசாலையாக்கினர். இன்று அங்கே பேணப்படும் விமானங்களுள் தலையாயது ஹலிபக்ஸ் ஆகும்.

ஹன்ட்லி பேஜ் தொழிற்சாலையார் வகுத்த இவ்விமானம் 1939 ஒக்டோபரில் முதன்முறை பறந்தது. நான்கு இயந்திரங்களும் ஏழு பேர் கொண்ட குழுவும் உடையது. 6,000 க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. எனினும், உடன்காலத்து லங்காஸ்டர் விமானம் பெற்ற புகழை இது பெற்றிலது. போர் முடிந்தபின் இவை உடைக்கப்பட்டு அலுமினியத்துக்காக உருக்கப்பட்டன. ஒன்றுகூட முழுமையாகப் பேணப்படவில்லை. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் 55,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் மிகப் பலர் இறுதியாக ஏறிய ஊர்தி எத்தகையது என்பதைக் கண்ணாற் காண வழியில்லாது போயிற்று.

எல்விங்டன் அன்பர்கள் இக்குறையை நீக்க முற்பட்ட வரலாறு வியப்புத் தருவது. ஸ்கொத்லாந்தின் மேற்கே லூயிஸ் தீவில், ஹலிபக்ஸ் விமானமொன்றின் உடற்பகுதித் துண்டு கிடந்தது. அவ்விமானம் 1945 இல் அத்தீவின் ஸ்டோனவே தளத்தில் விபத்துக்குள்ளாயிற்று. பின்னர் அதன் உடலிலொரு பகுதியைக் குடியானவர் ஒருவர் வாங்கிக் கோழிக்கூடாக அமைத்துக்கொண்டார். ஏனைய விமானங்கள் உலைக்களம் சென்றனவாக, இத்துண்டு கோழிகளின் உபயத்தால் உய்ந்தது! அறிஞர் காக்கத் தவறியதைப் பயன்பாடு காத்தது எனலாம். சிறகுகள் ஹேஸ்டிங்ஸ் என்னும் பிற்காலச் சரக்கு விமானத்திலிருந்து எடுக்கப்பட்டன. அதுவும் ஹன்ட்லி பேஜ் தொழிற்சாலையிற் பிறந்து ஹலிபக்ஸ் வழிவந்த சிறகமைப்பைக் கொண்டதாதலின், வேண்டிய திருத்தங்களோடு அவை பொருந்தின. ஹெர்குலிஸ் இயந்திரங்கள் பிரான்சிலிருந்து வந்தன. எங்கும் கிடையாதனவற்றைப் புதிதாகச் செய்தனர். பல்லாண்டு உழைப்பின்பின் 1996 செப்டெம்பர் 13 ஆம் நாள் அவ்விமானம் கொட்டகையினின்றும் வெளிக்கொணரப்பட்டது.

அந்நாள் வெள்ளிக்கிழமை. மேனாட்டார் 13 ஆம் நாளும் வெள்ளியும் கூடுவதைத் தீய சகுனமாகக் கருதுவர். போர்க்காலத்தில் யோர்க்ஷயரின் லிசெற் தளத்திலிருந்த ஹலிபக்ஸ் ஒன்றுக்கு அதன் குழுவினர் ‘13 ஆம் திகதி வெள்ளி’ என்றே பெயரிட்டனர். தலைகீழான குதிரை இலாடம் முதலிய தீக்குறிகளை அதன்மேல் தீட்டினர். வாயிலின் மேலே ஏணியொன்றையும் வரைந்தனர், ஏறுவோர் அனைவரும் ஏணியின் கீழ்ச் செல்லும் தீக்குறிக்கு ஆளாகட்டும் என்று. சகுனத்தை எள்ளிய அவ்விமானம் 128 முறை போருக்குச் சென்று மீண்டது. பகைவர் அழிக்காத அதனைப் போரின்பின் சொந்த நாட்டாரே உடைத்தனர். எல்விங்டன் விமானத்தின் ஒரு பக்கம் அதன் பெயரையும், மறுபக்கம் பிரெஞ்சுப் படைப்பிரிவின் குறியையும் தாங்கி நிற்கின்றது.

இங்கே ஒரு வினா எழும். பல விமானங்களின் உறுப்புக்களைக் கூட்டியும், சிலவற்றைப் புதிதாகச் செய்தும் அமைத்த ஒன்றை உண்மை ஹலிபக்ஸ் எனல் தகுமா? முழு விமானமாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட ஏனைய ஹலிபக்ஸ் இரண்டே. 1942 ஏப்பிரலில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, நோர்வே நாட்டு ஏரியொன்றின் பனிப்பரப்பில் இறங்கி அமிழ்ந்த விமானம் 1973 இல் மீட்கப்பட்டு, பெரும்பாலும் கண்டெடுத்த கோலத்திலேயே ஹென்டனில் வைக்கப்பட்டுள்ளது. மற்றொன்று 1995 இல் நோர்வேயின் மியோசா ஏரியினடியிலிருந்து எடுக்கப்பட்டுக் கனடாவின் ட்றென்ரன் நகரிற் புதுப்பிக்கப்பட்டது. ஹென்டன் விமானம் பொருளுக்குச் சான்று. அதன் துருவும் சிதைவும் மெய். எல்விங்டன் விமானமோ வடிவுக்குச் சான்று. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் முறையன்று.

வடிவம் அற்பமான செய்தியன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். சுடப்பட்ட ஹலிபக்ஸ் விமானங்களினின்றும் உயிர் தப்பியோர் வீதம், லங்காஸ்டரினின்றும் தப்பியோர் வீதத்தினும் உயர்ந்தது. அக்காலத்துக் குண்டுவீச்சுப் படையிற் கணிப்பாளராயிருந்த பௌதிகவியலறிஞர் பிரீமன் டைசன் இதனைப் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். ஹலிபக்ஸின் தப்புவழிக் கதவு 24 அங்குல அகலம். லங்காஸ்டரினதோ 22 அங்குலம். பரசூட்டும் தடித்த உடையும் அணிந்தவன், எரிந்து வீழும் விமானத்தின் இருளில் அவ்விரண்டு அங்குலத்தை எத்துணை வேண்டியிருப்பான்! ஏட்டிலே இவ்வெண்களைப் படித்து அடுத்த வரிக்குச் செல்வது எளிது. முழுவுருவ விமானத்தின் அருகே நின்று, தன் தோளகலத்தை நினைந்து பார்ப்பவனுக்கு அது எளிதன்று.

ஆயினும், ஒரு நிபந்தனை உண்டு. எது பழையது, எது புதியது, எது வேறு விமானத்தினது என்பதை நூதனசாலையார் மறையாது கூறல் வேண்டும். எல்விங்டனில் கோழிக்கூட்டின் கதை மறைக்கப்படவில்லை. மாறாக, லூயிஸ் தீவிற் கிடந்த அத்துண்டுக்குரிய எண்ணான எச்.ஆர். 792 என்பதே அவ்விமானத்தின் அடையாளமாகக் குறிக்கப்படுகின்றது.